கதவைச் சாத்துவது யார்?



“பாய்க்கெல்லாம் வீடு தர்றதில்லை.”

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மில் எத்தனை பேர் இந்த வார்த்தையைக் கேட்டிருப்போம்! சிலர் நேரடியாகச் சொல்வார்கள். சிலர் “சைவம் மட்டும்” என்று நாசூக்காகச் சொல்வார்கள். நம் வயிறு எரிந்திருக்கிறது. பெயரை மட்டும் வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது அநீதி என்று மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். அது நியாயமான கோபம்தான்.

அதே அநீதியை நம் சொந்த வாசலில் நாமே செய்கிறோம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

கணவனைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பாருங்கள். மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ ‘டு லெட்’ பலகையைப் பார்த்து ஏறுகிறாள். வீட்டுக்காரர் நம்மவர். ஐவேளை தொழுபவர்.

“எத்தனை பேரும்மா?”

“நானும் ரெண்டு பிள்ளைகளும், ஹாஜியார்.”

“மாப்பிள்ளை எங்கே வேலை?”

“நாங்க பிரிஞ்சிட்டோம்.”

அவ்வளவுதான்! முகம் மாறிவிடுகிறது. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று கதவு சாத்தப்படுகிறது. நாலு வீடு ஏறி இறங்கிய பிறகு புரோக்கர் அவளுக்கு யோசனை சொல்கிறார்: “மாப்பிள்ளை சவூதியில இருக்காருன்னு சொல்லிடும்மா, வீடு உடனே கிடைக்கும்.”

சகோதரர்களே, இந்த யோசனையைக் கொஞ்சம் நிதானமாகச் சிந்தியுங்கள். கணவன் சவூதியிலோ துபாயிலோ இருக்க, வருடக்கணக்கில் பிள்ளைகளோடு தனியாகக் குடியிருக்கும் பெண்கள் நம் தெருக்களில் ஏராளம். அவர்களுக்கு வீடு கொடுக்க யாரும் தயங்குவதில்லை. அப்படியென்றால் பெண் தனியாக இருப்பது நமக்குப் பிரச்சினையே அல்ல! பொய் சொன்னால் வீடு உண்டு, உண்மை சொன்னால் வீடு இல்லை என்பதுதான் நாம் வைத்திருக்கும் சட்டம். இதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்?

தலாக்கை மார்க்கம் வெறுத்தாலும் அனுமதித்திருக்கிறது. கணவனோடு வாழவே முடியாத பெண்ணுக்கு குலாவையும் தந்திருக்கிறது. மார்க்கம் தந்த வழியில் பிரிந்தவளைக் குற்றவாளியாகப் பார்க்க நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

குர்ஆனில் ‘தலாக்’ என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 65வது அத்தியாயம். அதன் முதல் வசனமே, இத்தா காலத்தில் பெண்களை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று தடுக்கிறது. ஆறாவது வசனம், உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் அவர்களையும் குடியமர்த்துங்கள் என்கிறது. பிரிவு என்று வந்தவுடன் இறைவன் பேசுவது வீட்டைப் பற்றி! நம் ஜமாஅத்துகளில் பேசப்படுவதோ மஹர், நகை, சீர்ப் பாத்திரம். பிள்ளைகள் எங்கே தங்குவார்கள், வாடகை யார் கொடுப்பது என்று பிரிவுக் கடிதத்தில் எழுதுகிறோமா? பிள்ளைகளின் செலவு தகப்பன் மீது கடமை. தலைக்கு மேல் கூரையும் அந்தச் செலவில் சேர்ந்ததுதானே!

நாம் செய்யாததைச் சட்டம் செய்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கொடுமைக்கு ஆளான மனைவிக்கு வேறு வீடு ஏற்பாடு செய்யும்படியோ, அதன் வாடகையைக் கொடுக்கும்படியோ கணவனுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். 1985ல் ஷாபானு தீர்ப்பின்போது தெருவில் இறங்கினோம். 2019ல் முத்தலாக் சட்டம் வந்தபோது கண்டனக் கூட்டம் போட்டோம். ஷரீஅத்தைக் காக்கக் குரல் கொடுத்தது சரி. அந்த ஷரீஅத் அவளுக்குக் கொடுத்த உரிமையைக் காக்க எத்தனை கூட்டம் போட்டோம்?

வீட்டுக்காரர்களின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. வாடகை ஒழுங்காக வருமா? அந்தக் கணவன் வந்து வாசலில் தகராறு செய்வானா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் வியாபாரிகளே, உங்கள் தொழிலையே பாருங்கள். ஒரு கடைக்காரர் “நான் பொறுப்பு” என்று சொன்னால், முகம் தெரியாத ஆளுக்கு லட்ச ரூபாய்ச் சரக்கைக் கடனாக அனுப்புகிறோம். அந்த ஒரு வார்த்தையை இந்தச் சகோதரிக்காகச் சொல்ல ஜமாஅத்தில் ஓர் ஆள் இல்லையா? தகராறு செய்ய வருபவனைத் தடுக்க வேண்டியது நாமா, அல்லது அதைக் காரணம் காட்டி அவளை விரட்ட வேண்டியது நாமா?

அடுத்தது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழக்கமாகிவிட்டது. 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பிரிந்து வந்த பெண்ணிடம் பத்து மாதப் பணம் எப்படி இருக்கும்? காதில் கிடப்பதை அடகு வைத்தால்தான் உண்டு.

எனவே மூன்று காரியங்கள் செய்வோம். வீடு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட சகோதரிகளிடம் மூன்று மாத முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜமாஅத்தார் பைத்துல்மாலிலிருந்து அந்த முன்பணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். வாடகைக்குப் பொறுப்பும் ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞர்களே, ஒவ்வொரு தெருவிலும் காலியாகும் வீடுகளை விசாரித்து வைத்திருங்கள். வீட்டுக்காரரிடம் அவளைத் தனியாக அனுப்பாமல், பெரியவர் ஒருவரை உடன் அனுப்பிப் பேசச் சொல்லுங்கள்.

கணவனில்லாப் பெண்ணுக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர், இறைவனின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த நன்மைக்கு நீங்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை. உங்கள் மாடியில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தால் போதும்.

அடுத்த முறை யாராவது நமக்கு வீடில்லை என்று சொன்னால் கோபப்படுவோம். அந்தக் கோபத்துக்குத் தகுதி வேண்டுமானால், முதலில் நம் கதவைத் திறப்போம்!