உண்டானதும் நிறுத்தும் மாத்திரை

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடானாலும் சரி, காஞ்சி மாடவீதியில் அர்ச்சகர் வீடானாலும் சரி, ஒரு பெண் உண்டானதும் காதில் விழும் முதல் புத்திமதி, "மாத்திரையெல்லாம் நிறுத்திடும்மா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்பது. தலைவலி மாத்திரைக்கு இது நல்ல யோசனைதான். தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவளுக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. அவள் போடும் லெவோதைராக்ஸின் மாத்திரையில் இருப்பது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சுரக்கும் அதே தைராக்ஸின். கருவின் சுரப்பி ஏறத்தாழ 12ஆம் வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் முழுதும் தாயிடம் வாங்கும் கடன். ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்த கர்ப்பிணிகளை 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கவனித்தபோது, 5ஆம் வாரத்திலேயே தேவை கூடத் தொடங்கியது. கர்ப்பத்தின் முதல் பாதிக்குள் சராசரியாக 47 சதவீதம் கூடியது. கூட்ட வேண்டிய நேரத்தில் நாம் நிறுத்தச் சொல்கிறோம். "மூணு மாசம் வெளியே சொல்லாதே" என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டால், மருத்துவர் காதுக்கு எட்டும் முன்பே அந்த 12 வாரமும் ஓடிவிடும். பாவில் இழை அறுந்தால் நெசவாளி உடனே தறியை நிறுத்தி முடிபோடுவார். நாலு முழம் நெய்தபின் கண்ணில் பட்டு என்ன பயன்?

இந்தப் பயம் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோல், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருவுக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. அதையும் ஊரில் 'தைராய்டு மாத்திரை' என்றுதான் சொல்கிறார்கள். எதிரெதிர் வேலை செய்யும் இரண்டுக்கும் ஒரே பெயர். கார்பிமசோலைக்கூட மருத்துவர்தான் மாற்ற வேண்டும், மாமியார் அல்ல.

"எங்க பாட்டி ஒரு மாத்திரையும் போடாம பத்துப் பெத்தா" என்பார்கள். பாட்டியின் சுரப்பி நன்றாக இருந்தது. சுரப்பி கெட்டவர்களில் பலருக்குக் கரு தங்கியதே இல்லை. பிறந்த பிள்ளையை 'மந்தம்' என்று சொல்லி முடித்தார்கள். கர்ப்பகாலத்தில் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு 7 முதல் 9 வயதில் நுண்ணறிவு அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்ததை 1999இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. படித்தவர்கள் வேறு கேள்வி கேட்பார்கள்: 2012, 2017இல் வெளியான ஆய்வுகளில் கர்ப்பிணிக்குக் கொடுத்த மாத்திரையால் பிள்ளையின் அறிவு கூடவில்லையே? உண்மை. ஆனால் அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டில் நின்றவர்கள். மாத்திரை தொடங்கியதும் 13, 17ஆம் வாரம் வாக்கில், அதாவது கடன் வாங்கும் காலம் கடந்தபின். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு இம்மி கூடினாலே எல்லாருக்கும் மாத்திரை எழுதும் மருத்துவர்களுக்கு அந்த ஆய்வுகள் குட்டு வைக்கின்றன, வைக்கட்டும். நோய் உறுதியானவள் மாத்திரையை விடலாம் என்று அவை எங்கும் சொல்லவில்லை. விடாமல் போடுகிறவளுக்கும் ஒரு வார்த்தை: காலை காபியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது, சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பிறந்தபின் இதே நம்பிக்கை வேறு வேடம் போடுகிறது: "குழந்தை கொழுகொழுன்னு இருக்கு, குதிகாலில் ஊசி எதுக்கு?" சுரப்பியே இல்லாமல் பிறந்த குழந்தையும் முதல் வாரங்களில் நன்றாகத்தான் தெரியும், தாய் கொடுத்த ஹார்மோன் இன்னும் கைவசம் இருப்பதால். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு. கண்ணுக்குத் தெரியும்போது மூளை இழந்ததில் பெரும்பகுதி திரும்பாது; பிறந்து 48 மணி நேரத்துக்குப் பின் குதிகாலில் எடுக்கும் சொட்டு இரத்தம் அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். குறை உறுதியானால், வயிற்றில் இருந்தபோது ஆகாது என்று நிறுத்திய அதே லெவோதைராக்ஸினைப் பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து, இரண்டு வாரத்துக்குள் அந்தப் பிள்ளையின் வாயிலேயே புகட்டத் தொடங்குவார்கள்.