வாசல் என்னும் சொல்

வீட்டின் முகப்பில் நிறுத்திய நிலையும் கதவுமே வாசல் என்று எண்ணுகிறவர்கள், விடியற்காலையில் 'வாசல் தெளித்தாயிற்றா?' என்று தாய் கேட்கும்போது, சாணநீர் விழுவது கதவின்மேல் அன்று, படிக்கு வெளியே தெருவைத் தொட்டுக் கிடக்கும் மண்ணின்மேல் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்பர் இலக்கண ஆசிரியர். அதுவே மக்கள் நாவில் வாசல் ஆயிற்று. ஊடல் கொண்ட தலைவியிடம் தலைவனுக்காகப் பரிந்து பேச வருகிற தோழி, பாணன், விருந்தினர் முதலிய பன்னிருவரையும் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்றே வழங்குவதால், பிரிந்த இரு மனங்கள் மீண்டும் கூடுவதற்கான வழியையும் இச்சொல்லால் நம் முன்னோர் குறித்தனர் என்பது விளங்கும்.

மதுரைக் கோட்டையின் மதில்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்ந்து வீதிகளாகிவிட்ட பின்னரும், கீழவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் ஜனங்களின் பேச்சில் இன்றுவரை நிலைத்திருக்கின்றன. கோட்டை வாசலுக்கு வாய்த்த இந்தப் பாக்கியம் வீட்டு வாசலுக்கும் வாய்க்குமென்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏனெனில், வீட்டு வாசல் என்னும் பெயர் அங்கே நடக்கும் காரியங்களாலேயே வாழ்கிறது. கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டுவதும், மணமக்களுக்கு ஆரத்தி சுற்றுவதும், துக்கத்துக்கு வந்தவர் அமரப் பந்தல் போடுவதும், கீரைக்காரி கூடையை இறக்கி வைத்துப் பேரம் பேசுவதும் அந்த வெளியில்தான். மனம் கசந்த உறவினர்கூட 'இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன்' என்றுதான் சபதம் செய்கிறார். இவ்வளவு காரியங்களுக்கு ஆதாரமான அந்த நிலத்தை, மதிலைத் தெரு விளிம்புவரை தள்ளிக் கட்டியும், காருக்குச் சரிவுமேடை போட்டும் நாமே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, எதிரெதிரே இரண்டு கதவுகளும் நடுவே ஒரு செருப்பு அலமாரியுமே மிச்சம். அரிசிமாவுக் கோலத்துக்கு இடமில்லாமல் ஒட்டுக்கோலம் வந்துவிட்டது. 'மெயின் டோர்' என்ற பெயர் அங்கே வழக்கத்துக்கு வந்ததற்காகக் குடியிருப்போரைக் குறை சொல்வது நியாயமன்று. அவர்களிடம் இருப்பது கதவு மாத்திரமே.

புதிதாக வீடு கட்டுவோரும், குடியிருப்புகளுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களும், நாலு பேர் நின்று பேசவும் ஒரு கோலம் இடவும் போதுமான இடத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவைக்க வேண்டும் என்று பிரார்த்தித்துக் கேட்டுக்கொள்கிறேன்.