மண்ணுக்கு வில்லங்கம் பார்த்தாச்சா?

சென்னையில் மனை வாங்குகிறவர் என்னென்ன பார்க்கிறார்? பட்டா பார்க்கிறார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். வாஸ்துவும் பார்க்கிறார். மண்ணை மட்டும் பார்ப்பதில்லை!

"கெட்டி மண்ணு சார், அஞ்சடி தோண்டினா போதும்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டால் அதுதான் சர்டிபிகேட்.

இரண்டு மழை, இரண்டு கோடை போகிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். சிமெண்டு பூசி, பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்த கோடையில் அதே விரிசல் மறுபடியும் பல்லை இளிக்கிறது. நோய் சுவரில் இல்லை, அடியில் இருக்கிறது!

ஏரி எங்கே?

சென்னை முழுக்க ஒரே மண் அல்ல. திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர் கரையோரம் மணல். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்! 1920-களில் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது.

ஒரே மனையிலேயே ஒரு மூலை பழைய தரையாக இருக்கும். மறு மூலை குப்பை கொட்டி மேடாக்கிய குட்டையாக இருக்கும். களிமண்ணோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். வீட்டின் ஒரு பக்கம் நிற்க, மறு பக்கம் இறங்கினால் சுவர் பிளக்காமல் என்ன செய்யும்?

இரும்புத் திருகாணி

இதற்கு வைத்தியம் உண்டு. 'ஸ்குரூ பைல்' என்று பெயர். இரும்புத் தண்டில் திருகு போல் வளைந்த தகடுகள் இருக்கும். மேல் மண்ணைத் தாண்டி கெட்டி மண் கிடைக்கும்வரை இயந்திரத்தால் முறுக்கி இறக்குவார்கள். முறுக்க எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை வைத்தே அடிமண்ணின் உறுதியைக் கணிக்கலாம். குழி தோண்ட வேண்டாம், பக்கத்து வீடும் அதிராது. இறங்கிப்போன வீட்டின் அஸ்திவாரத்தை இதன்மேல் ஜாக்கி வைத்துத் தாங்கவும் முடியும்.

புதுசு என்று நினைக்க வேண்டாம். பார்வையிழந்த இன்ஜினீயரான அலெக்சாண்டர் மிச்செல் 1833-ல் பேடண்ட் வாங்கிய யோசனை இது. 1861-ல் சென்னைக் கடலுக்குள் நீட்டிய இரும்புத் துறைப்பாலமே திருகுத் தூண்கள் மேல்தான் நின்றது.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. பாறையிலும் பெரிய கற்களிலும் திருகு இறங்காது. உப்பு மண்ணில் துரு அரிக்கும், அதற்குத் தக்க பூச்சு வேண்டும். புதிதாகக் கட்டுகிறவருக்கு அடியில் குமிழ் வைத்த 'அண்டர் ரீம்டு பைல்' இருக்கிறது. கரிசல் மண்ணுக்காக ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்த முறை அது.

எது தேவை என்று சொல்ல வேண்டியது மேஸ்திரியின் கண் அல்ல, மண் பரிசோதனை. துளை போட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எண்ணுவார்கள். ஒரு மூலையில் மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

ஹாலுக்கு மார்பிள் போடும் செலவில் இது ஒரு சின்னப் பங்குதான். மார்பிளை நாளைக்கு மாற்றலாம். அஸ்திவாரத்தை?

பிளாட் வாங்குகிறவர்களும் பத்திரத்தைக் கேட்பது போல மண் ரிப்போர்ட்டைக் கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிற பில்டரிடம் அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவதில் தப்பே இல்லை!