இனிப்பின் சுவை எதில் இருக்கிறது?

மார்ஷ்மெல்லோ வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, "அதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது" என்று மறுக்கும் பெற்றோர் ஒருபுறம், "மிட்டாயில் என்ன ஹராம் இருக்கப்போகிறது?" என்று வாங்கித் தருவோர் மறுபுறம். இரண்டுமே ஆராயாமல் சொல்லப்படும் விடைகள்.

முற்காலத்தில் இவ்வினிப்பு சீமைத்துத்தி வேரின் கொழகொழப்பான சாற்றைக் கொண்டு செய்யப்பட்டது. யூனானி மருத்துவர்கள் கத்மி என்று அழைக்கும் மூலிகை அதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வேரின் இடத்தை ஜெலட்டின் பிடித்துக்கொண்டது. மூலிகையின் ஆங்கிலப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜெலட்டின் கொழுப்பு அன்று. விலங்குகளின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கப்படும் புரதம். அதற்கெனக் குறிப்பிடத்தக்க சுவை இல்லை. இனிப்பைத் தருவது சர்க்கரைப் பாகு. மணத்தைத் தருவது வனிலா. பஞ்சு போன்ற மென்மையைத் தருவதும், வாயின் சூட்டில் கரையச் செய்வதுமே ஜெலட்டினின் வேலை. நோன்பு திறக்கும்போது நாம் பரிமாறும் கடல்பாசியும் அப்படித்தான். அதில் நாம் சுவைப்பது நாம் சேர்த்த பாலையும் சர்பத்தையுமே. ஆகவே, பன்றி ஜெலட்டினைத் தவிர்ப்பதால் நம் பிள்ளைகள் எச்சுவையையும் இழப்பதில்லை. மார்க்க முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் அதே வேலையைச் செய்யும்.

பொட்டலத்தின் குறியீடுகளை மட்டும் நம்புவதும் போதாது. நம் நாட்டின் பழுப்பு நிற அசைவக் குறி, எந்த விலங்கு என்பதைச் சொல்லாது. பச்சைக் குறியோ, மணச்சாற்றில் உள்ள ஆல்கஹாலைப் பற்றிப் பேசாது. அமெரிக்க விதிப்படி வனிலா சாற்றில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பன்றித் தோல் ஜெலட்டினாகும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது என்று கருதும் அறிஞர்களும் உளர். பலர் அதனை ஏற்பதில்லை. இத்தகைய ஐயத்திற்குரியவற்றிலிருந்து விலகியிருக்கவே நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டினார்கள். அதே வேளையில், விசாரிக்காமல் ஒன்றை ஹராம் என்று தீர்ப்பளிப்பதும் பேணுதல் ஆகாது.

எனவே, நம்பகமான ஹலால் சான்று உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். காரணத்தைப் பிள்ளைக்கும் விளக்குங்கள். தடையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, நாம் அருகில் இல்லாதபோது தடுமாறும். காரணம் அறிந்த பிள்ளை தானே பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கும்.

தூய்மையான, ஹலாலான உணவை உண்ணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.