ஒட்டுத் தெரியாத ஒலியும் நம் அமானத்தும்



சில மாதங்களுக்கு முன் ஓர் இஷாத் தொழுகைக்குப் பின் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் எங்கள் ஊரைச் சேர்ந்த, என்னைவிட வயதில் மூத்த பெண்மணி. ஸலாம் சொன்னவர், சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுக் கேட்டார்: “ஹஜ்ரத், வாப்பாவுடைய சொத்துல நான் என் பங்கைக் கேட்டது குத்தமா? நீங்களே அப்படிச் சொல்லிட்டீங்களே.”

நான் திகைத்துப்போனேன். “லாத்தா, நான் எங்கே அப்படிச் சொன்னேன்?” என்றேன். அவருடைய காக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த ஒலித்துண்டை எனக்கு அனுப்பிவைத்தார். ஒரு நிமிடத்திற்கும் குறைவான பதிவு. குரல் என்னுடையதே. அதில் நான், பெண்பிள்ளைகள் பங்கு கேட்டால் குடும்பம் உடைந்துபோகும், கல்யாணத்தில் போட்ட நகையும் கொடுத்த சீருமே போதும் என்று உறுதியாகச் சொல்கிறேன். அதை அடுத்து, அல்லாஹ்வை அஞ்சி உறவுகளைச் சேர்த்து வாழுங்கள் என்று உபதேசமும் செய்கிறேன்.

நான் பேசியது இதற்கு நேர்மாறானது. வாரிசுரிமை பற்றிய அந்த ஜும்ஆ பயானில், நம்மில் சிலர் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்களுடைய கூற்றை எடுத்துக்காட்டி, அது அல்லாஹ் விதித்த பங்கை மறுக்கும் பேச்சு என்று கண்டித்திருந்தேன். சரியாக அந்த இடத்தில் மைக் கூவத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு விநாடிகள் அந்த இரைச்சல் நீடித்தது.

பயானைச் சுருக்கித் துண்டாக ஆக்கியவர் என்னிடம் ஓதிய மாணவர். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து, இரைச்சலான பகுதியை வெட்டி எறிந்தார். முன்னதையும் பின்னதையும் அருகருகே நகர்த்தி ஒன்றாக இணைத்தார். வெட்டுண்ட இரைச்சலோடு “என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள்” என்ற சொற்களும், அதைத் தொடர்ந்த என் மறுப்பும் போய்விட்டன. இதில் நம் மொழியின் இயல்பையும் கவனிக்க வேண்டும். தமிழில் பிறர் கூற்று முதலில் வருகிறது. அது பிறருடையது என்பதைக் காட்டும் “என்று” கடைசியில்தான் வருகிறது. அந்த ஒரு சொல்லை நீக்கினால், மறுக்கப்பட்ட கருத்து பேசியவருடைய கருத்தாகிவிடும்.

என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. அந்த மாணவர், வெளியிடுவதற்கு முன் துண்டை எனக்கு அனுப்பி அனுமதி கேட்டிருந்தார். வகுப்பு நேரத்தில் முதல் சில விநாடிகளை மட்டும் கேட்டுவிட்டு, “மாஷா அல்லாஹ், போடுங்கள்” என்று பதில் அனுப்பியவன் நான்.

நம் வீடுகளில் இன்று கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு இந்த மென்பொருள்கள் கைவந்த கலை. ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோ போன்றவை இசையமைப்பாளர்களுக்காகவே உருவானவை. “இசைக்கான கருவியைத் தீன் பணிக்குத் தொடலாமா?” என்று சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. கத்தியைப் போன்றதே இக்கருவியும். எதை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் தீர்ப்பு. என் கவலை கருவியைப் பற்றியதன்று. அத்துறையின் ஒரு பழக்கம் ஆராயப்படாமல் நம் பயான்களுக்குள் வந்துவிட்டதே என்பதுதான்.

அந்தப் பழக்கம், ஒட்டு தெரியாமல் இணைப்பது. இரு ஒலித்துண்டுகளைச் சேர்க்கும்போது, ஒலியலை ஓரிடத்தில் மேலே நிற்க, அடுத்த துண்டின் அலை கீழே தொடங்கினால், காதில் ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். இதைத் தவிர்க்க, அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியாகப் பார்த்து வெட்டுகிறார்கள். ஆடாசிட்டியில் அந்தப் புள்ளியைத் தேடித்தர ‘இசட்’ விசையே போதும். ஒரு துண்டு மெல்லத் தேய, மற்றது மெல்ல எழும்படி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் முறைக்குக் கிராஸ்ஃபேட் என்று பெயர். பிறகு இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்துகிறார்கள். முன்பு காந்த நாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டியவர்களின் நோக்கமும் இதுவே. பாடலுக்கு இது குறையன்று. கேட்பவருக்கு எங்கே ஒட்டு இருக்கிறது என்று தெரியவேண்டிய தேவை அங்கே இல்லை.

மார்க்கத்தை அறிவிக்கும் துறையிலோ நம் முன்னோர் இதற்கு நேர் எதிரான திசையில் உழைத்தார்கள். ஹதீஸ் கலையில் ‘முத்ரஜ்’ என்று ஒரு வகை உண்டு. நபி (ஸல்) அவர்களின் சொல்லோடு அறிவிப்பாளர் ஒருவரின் சொல் பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிட்ட அறிவிப்பு அது. இதற்கு மதரஸாக்களில் நாங்கள் நடத்தும் பிரபலமான உதாரணம், உளூவின்போது நனையாத குதிகால்கள் பற்றிய எச்சரிக்கை. உளூவை முழுமையாகச் செய்யுங்கள் என்று மக்களுக்குச் சொன்னவர் அபூஹுரைரா (ரலி). அதற்குச் சான்றாக அவர்கள் எடுத்துரைத்த எச்சரிக்கையே நபிமொழி. ஓர் அறிவிப்பில் இரண்டும் இணைந்து, முழுவதும் நபிமொழி போல் ஆகிவிட்டது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பில் வரும் அறிவிப்பு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

சிந்தித்துப் பாருங்கள். உளூவை முழுமையாகச் செய்யுங்கள் என்பதில் கருத்துப்பிழை எதுவும் இல்லை. மார்க்கம் சொல்வதும் அதையே. இருந்தும், யாருடைய சொல் எங்கே முடிகிறது, யாருடைய சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அறிஞர்கள் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இவ்வாறு இணைந்துபோனவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். ஒட்டை மறைப்பது ஒலிப்பதிவுக் கலை என்றால், ஒட்டைக் காட்டுவது நம்முடைய கலை.

“நேரமில்லாத மக்களுக்குச் சுருக்கித்தானே கொடுக்க வேண்டும்? இரண்டு மணி நேர பயானை யார் கேட்பார்கள்?” என்று இளைஞர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சுருக்குவதை நான் எதிர்க்கவில்லை. சுருக்கியது தெரியாதபடி சுருக்குவதையே எதிர்க்கிறேன்.

திருக்குர்ஆன் ஓதலில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அல்மாஊன் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் தொழுகையாளிகளுக்குக் கேட்டைக் கூறுகிறது. தம் தொழுகையில் பாராமுகமாக இருப்போரே அவர்கள் என்பது 5ஆம் வசனத்தில்தான் வருகிறது. நான்கோடு வெட்டி நிறுத்தினால் என்ன பொருள் ஆகும் என்பது மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1961இல் எகிப்தில் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்களின் குரலில் முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. அது நாம் ஓதும் ஹஃப்ஸ் அறிவிப்பின்படியானது. அவரே வர்ஷ் அறிவிப்பின்படியும் ஓதிப் பதிந்திருக்கிறார். ஃபாத்திஹாவில் ஹஃப்ஸில் ‘மாலிகி’ என்று நீண்டு வருவது வர்ஷில் ‘மலிகி’ என்று குறுகி வரும். குரல் ஒன்றுதானே என்று இரு பதிவுகளிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஒரே வசனத்திற்குள் இணைத்தால், இரண்டு ஓதல் முறைகளும் கலந்துவிடும்.

ஆகவே, பயான்களையும் கிராஅத்தையும் தொகுக்கும் பிள்ளைகளிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். முழுப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். துண்டோடு நாளையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். வெட்டிய இடத்தில் ஒரு விநாடியாவது அமைதியை விடுங்கள்; அல்லது “இடையில் ஒரு பகுதி விடப்பட்டுள்ளது” என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். வாக்கியத்தின் நடுவில் வெட்டாதீர்கள். பிறர் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கும் இடமென்றால், மறுப்பு முடியும்வரை விடாதீர்கள். வசனத்திற்குள் வெட்டவே வேண்டாம். என்னைப் போன்ற உஸ்தாதுகளுக்கும் ஒரு சொல்: நம் பெயரில் போகும் துண்டைக் கடைசி விநாடிவரை கேட்காமல் அனுமதி கொடுக்கக் கூடாது. கேட்பவர்களோ, குடும்பத்தில் ஒரு முடிவுக்குக் காரணமாகப் போகும் துண்டு என்றால், பேசியவரிடமே ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும். செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

அந்த லாத்தாவின் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் சகோதரரிடம் முழுப் பதிவும் இருந்தது. மறுநாள் நானும் அந்த மாணவரும் அவருடைய காக்காவின் வீட்டுக்குச் சென்றோம். இரைச்சலோடு, வெட்டாமல், அந்தப் பகுதியை ஒலிக்கவிட்டேன். அன்னிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று உறுதிப்படுத்துவதையும், 11ஆம் வசனம் மகளின் பங்கை வரையறுப்பதையும் எடுத்துச் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டார். பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் நின்று என் தவறை அறிவித்தேன். சில வாரங்களுக்குப் பின், பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியிருப்பதாக லாத்தா சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

எனினும் அந்தத் துண்டு இன்னும் எத்தனை கைபேசிகளில் இருக்கிறதோ, எந்த வீட்டில் எந்தச் சகோதரியின் வாயை அடைக்கிறதோ, அல்லாஹ் ஒருவனே அறிவான். இதைப் படிப்பவர்களிடம் அது வந்திருந்தால், முழுப் பயானைக் கேளுங்கள். உங்களுக்கு அனுப்பியவருக்கும் எத்திவையுங்கள்.

நாவின் அமானத்தையும், நாவிலிருந்து பதிவானவற்றின் அமானத்தையும் பேணும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.