விண்ணப்பத்திற்கு முன் வேண்டிய மூன்று அறிதல்கள்

மேனிலைத் தேர்வு முடிவு வெளிவரும் மே மாதம் தொட்டுக் கல்லூரி திறக்கும் நாள் வரையுள்ள சில வாரங்கள், தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றிற்கும் பரபரப்பான காலமாகும். பன்னிரண்டாண்டுக் கல்வியின் பயன் எத்திசையில் செல்லும் என்பது அக்குறுகிய காலத்தில் முடிவாகின்றது. அண்டை வீட்டார் சொன்னதும் உறவினர் மகன் சேர்ந்ததுமே அதற்குக் காரணங்களாகிவிடுகின்றன. இந்நிலை மாறவேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றையும் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். வேந்தனுக்குரைத்த இம்முறை, கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவர்க்கும் பொருந்துவதே.

முதலாவது வலியறிதல். மதிப்பெண் மட்டுமே வலியன்று, விருப்பமும் வலியே. கணக்கில் நாட்டமில்லாத பிள்ளையைப் பொறியியலில் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்துவதால் பயனில்லை. ‘வேறெதுவும் கிடைக்கவில்லை, தமிழாவது கொடுங்கள்’ என்று எம் துறைக்கு வருவோரும் உளர். தமிழ், எஞ்சியோர்க்கென ஒதுக்கிய இடமன்று. 1572இல் ஆயிரம் மசலாவையும், பின்னர் 5027 பாடல்களாலான சீறாப்புராணத்தையும் தந்த சமுதாயம் நம்முடையது. அம்மரபை நாடி, விரும்பி வருவோரே இத்துறைக்கு வேண்டும்.

இரண்டாவது காலமறிதல். நம் இல்லங்கள் மிகுதியும் தவறுவது இதில்தான். பள்ளிச் சான்றில் ‘முகமது’, ஆதாரில் ‘முஹம்மது’, குடும்ப அட்டையில் மற்றொன்று. ஆங்கில எழுத்துகளிலோ வேறுபாடு இன்னும் பெருகும். அரபுப் பெயரை அவரவர் செவிக்கேற்ப எழுதியதன் விளைவு இது. சான்றிதழ் சரிபார்க்கும் நாளில்தான் பலரும் இதனை உணர்கின்றனர்.

சாதிச் சான்றிதழும் அத்தகையதே. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. லெப்பை, தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை, ஷேக், சையத் உள்ளிட்ட 7 பிரிவினர் அதில் அடங்குவர். சான்றிதழ் கையிலில்லையேல் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும். ‘மார்க்கத்தில் சாதியில்லையே, சான்று எதற்கு?’ என்று வினவும் பெரியோர் உளர். அச்சான்று நம்மிடையே உயர்வு தாழ்வு கற்பிப்பதன்று. நம் பின்தங்கிய நிலையுணர்ந்து அரசு நீட்டும் கை. அதனைப் பற்றுவதில் இழுக்கேதுமில்லை. மேனிலை முதலாண்டிலேயே இவற்றையெல்லாம் சீர்செய்துவிட்டால், முடிவு வந்தபின் அலுவலகந்தோறும் அலைய நேராது.

மூன்றாவது இடனறிதல். ‘ஊரில் கல்லூரியில்லை, பேருந்தில் அனுப்ப மனமில்லை’ என்னும் சொற்களோடு பெண்மக்கள் பலரின் படிப்பு முடிந்துவிடுகின்றது. மகனுக்காகக் கடன் வாங்கவும் நீளும் கை, மகளுக்கென்றால் மடங்கிவிடுகின்றது. நன்மதிப்பெண் பெற்ற பெண், விண்ணப்பம் வாங்கவும் வழியின்றி வீட்டிலிருப்பது அவளுக்கு மட்டுமா இழப்பு? அவள் வளர்க்கவிருக்கும் தலைமுறைக்கும் இழப்பன்றோ!

நம் முன்னோர் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் நிறுவினர். 1955இல் நீதியரசர் பஷீர் அகமது சையதின் முயற்சியால் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி எழுந்தது. இடத்தை அவர்கள் அமைத்துத் தந்தனர். அவ்விடத்திற்குப் பெண்மக்கள் அச்சமின்றிச் சென்றுவரும் வழியை அமைப்பது நம் கடமை. ஓரூர் மாணவியர் ஒன்றாய்ச் சென்றுவர ஜமாஅத் ஓர் ஊர்தி ஏற்பாடு செய்தால், தயங்கும் தந்தையர் பலரின் மனம் இளகும்.

ஜமாஅத் பெரியோர்களுக்கு மற்றுமொரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தைத் திங்களில் ஒரு ஞாயிறன்று மேனிலை மாணவரையும் பெற்றோரையும் அழையுங்கள். சான்றுகளைச் சரிபார்க்கவும் படிப்புகளை எடுத்துரைக்கவும் ஆசிரியர் நால்வர் போதும். எம்போன்றோர் வரக் காத்திருக்கின்றோம்.

ஓதுதலையே முதற்கட்டளையாகப் பெற்ற சமுதாயம், ஓதுமிடம் தேடுவதை மட்டும் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைக்கலாகாது. காலமறிந்து செயற்படும் நல்லறிவை இறைவன் நமக்கு அருள்வானாக!