ஈரலைக் காப்பது யார், கெடுப்பது யார்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜூலை 28 நெருங்கியிருக்கும். உலகக் கல்லீரல் அழற்சி நாள் அது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க்கின் பிறந்த நாளைத்தான் அதற்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவருக்கும் நம் வயல் வரப்பில் முளைக்கும் ஒரு செடிக்கும் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

தாமிரபரணிப் பாசனத்தில் கீழாநெல்லிக்கென்று யாரும் பாத்தி கட்டுவதில்லை. மழை பெய்த சில நாளில் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும். சாண் உயரம்தான். இலைக்கொத்தைத் திருப்பிப் பார்த்தால், அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கும். அந்தி சாய்ந்தால் இலைகள் கூம்பிக்கொள்ளும். வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றால், இதை வேரோடு பிடுங்கி அலசி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது இந்தப் பக்கத்து ஆச்சிமார்களின் கைவைத்தியம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1964-இல். கீழாநெல்லியின் புகழ் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், பிளம்பெர்க்கோடு சேர்ந்து, இந்தச் செடியை ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. கைவைத்தியம் என்று ஒதுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், ஒப்பிட்டுச் சோதித்தார்கள். காமாலை என்றால் இன்று முதலில் ரத்தப் பரிசோதனைதான், மற்றதெல்லாம் அப்புறம் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹெபடைட்டிஸ் பி பற்றி நாம் போதுமான அளவு பேசாத செய்தி ஒன்று உண்டு. அந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் புகுந்து குடியிருக்குமே தவிர, நேரடியாக அதைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு தாக்குவது நம்முடைய நோயெதிர்ப்பு அணுக்கள். தாக்குதல் சீக்கிரம் முடிந்தால் ஆள் பிழைத்தார். முடியாமல் இருபது, முப்பது வருஷம் இழுத்தால், சிதைந்து சிதைந்து வளரும் ஈரலில் தழும்பு ஏறுகிறது. அது கெட்டிப்பட்டு, சிலருக்குப் புற்றாகிறது. அதே சமயம், புற்றுச் செல்களைத் தேடிப் பிடித்து அழிப்பதும் இதே அணுக்களின் கூட்டம்தான். இதில் எந்த வகை காக்கிறது, எந்த வகை கெடுக்கிறது?

நோயாளிகளின் ரத்தத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நோயெதிர்ப்பு அணுக்களில் ஒன்றான டி அணுவில் ஒரு வகை குறைந்திருக்கிறது என்று வையுங்கள். அது குறைந்ததால் புற்று வந்ததா, புற்று வந்ததால் அது குறைந்ததா? குடி, சர்க்கரை, வயது எல்லாம் இடையில் புகுந்து குழப்பும். மரபணு ஆய்வு இங்கேதான் கைகொடுக்கிறது. நெதர்லாந்தின் மார்ட்டைன் கட்டான் 1986-இல் ஒரு சிறு கடிதத்தில் சொன்ன யோசனையை, 2003-இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் முறையாக வகுத்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலைபோல, தாய் தந்தையிடமிருந்து எந்த மரபணு வடிவம் பிள்ளைக்கு விழும் என்பது ஒரு குலுக்கல். பின்னால் வரும் பழக்கமோ வருமானமோ நோயோ அதை மாற்ற முடியாது. ஆகவே, ஓர் அணுவைப் பிறப்பிலேயே கூட்டி வைக்கும் மரபணு வடிவம் கிடைத்தவர்களுக்கு ஈரல் புற்று குறைவாக வருகிறதென்றால், அந்த அணுவுக்குக் காவலில் பங்கிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இத்தகைய ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படை, இத்தாலியின் சார்டினியாத் தீவில் 3,757 பேரின் ரத்தத்தில் 731 வகை எதிர்ப்பணு அளவுகளை எடுத்து 2020-இல் வெளியிட்ட பட்டியல். 731-ஐயும் புற்றுநோயோடு பொருத்திப் பார்த்தால், வழக்கமான அளவுகோலில் தற்செயலாகவே முப்பத்தைந்துக்கு மேல் 'தொடர்புகள்' தலைகாட்டும். ஒரே மரபணு நாலு வேலை பார்ப்பதும் உண்டு; அப்போது புற்றைக் குறைத்தது அந்த அணுவா, மரபணுவின் வேறு வேலையா என்று சொல்ல முடியாது. இந்த முடிவுகளைச் செய்தியில் படித்துவிட்டு லேபுக்குப் போய் 'எதிர்ப்பணு டெஸ்ட் எடுங்க' என்று யாரும் கேட்க வேண்டாம். அது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

என் மனத்தில் உறுத்துவது வேறு. அந்தத் தீவுக்காரர்களின் ரத்தம் சொல்வது பாபநாசத்துக்காரருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்காரருக்கும் பொருந்துமா? ஜப்பானியர்களிடையே செய்த ஆய்வு 2009-இல், ஹெபடைட்டிஸ் பி உடலில் தங்கிவிடுவதற்கும் எச்.எல்.ஏ.-டிபி என்னும் நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கும் தொடர்பு காட்டியது. நம் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன், எச்.எல்.ஏ. வகைகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இந்தியாவின் 10,000 பேர் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த சமூகங்கள் நாம். பிரிவுக்குப் பிரிவு மரபணு வேறுபடும். மரபணுவோடு, எதிர்ப்பணுக்களையும் வகை வகையாக எண்ணி, அந்த மனிதர்களைப் பத்து இருபது வருஷம் விடாமல் பின்தொடரும் ஆய்வு நம் பள்ளத்தாக்கிலேயே நடக்க வேண்டும். நெல்லையில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார்: "எங்கப்பா ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அவருக்கு எப்படிண்ணே ஈரல்ல புத்து வந்துச்சு?" தங்கச்சி, குடி ஒரு காரணம்தான், அது மட்டுமே காரணம் இல்லை. பேறுகாலத்தில் தாயிடமிருந்து தொற்றிய வைரஸ் சத்தமில்லாமல் ஐம்பது வருஷம்கூட உடம்பில் இருக்கும். பச்சைக்குழந்தையின் எதிர்ப்பணுக்களுக்கு அதை அந்நியம் என்று தெரியாது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடுகிறது. அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்திருந்தால் நீங்களும் உடன்பிறந்தவர்களும், அப்பாவின் அக்கா தங்கை, அண்ணன் தம்பி குடும்பங்களும் வைரஸின் மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் தேடும் எச்.பி.எஸ்.ஏஜி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தாலும் பயப்படாதீர்கள். வைரஸை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டால் புற்றை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். உங்கள் வீட்டில் அடுத்த பிள்ளைப்பேறு நடக்கும்போது, பிறந்து 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாயிற்றா என்று நர்சம்மாவிடம் நீங்களே கேளுங்கள். அதற்குப் பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் ஊசிகளையும் தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்